இருபது லட்சம் என்றொரு கேட்

குலசேகரன்பட்டினத்தை இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களால் அறிவார்கள். ஒன்று, முத்தாரம்மன் கோயில் தசரா. இன்னொன்று, 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம். ராக்கெட்டுக்கு வெகுகாலம் முன்பே இந்த ஊருக்கு இன்னொரு இயந்திரம் வந்துபோயிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து ஒரு குட்டி ரயில் ஓடியது.

குலசை என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்த ஊரில் பாரி கம்பெனி அப்போது சீனி ஆலை நடத்தியது. கரும்பு விளையாத ஊரில் சீனி ஆலையா என்று கேட்கலாம். சுற்றிலும் பனங்காடு இருந்தது. கருப்பட்டியிலிருந்து சீனி எடுத்தார்கள். திசையன்விளை, உடன்குடி பக்கமிருந்து சரக்கைக் கொண்டுவர கம்பெனி தானே ஒரு ரயில் பாதை போட்டுக்கொண்டது. திருச்செந்தூர் வரை நீண்ட அந்தப் பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டே அடி. இன்றைய அகலப்பாதையில் அந்த இடைவெளி ஐந்தரை அடி. கருப்பட்டி மூட்டைகளோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அந்த ரயில் செம்மண் தேரிகளின் ஓரமாக ஊர்ந்தது.

தேரி என்பது காற்று குவித்து வைத்த மணல். ஆனி, ஆடிக் காற்றில் அது இடம்பெயரும். அப்படிப்பட்ட தரையில் கனமான எஞ்சினை ஓட்ட வேண்டுமென்றால் அடித்தளத்துக்கே பெரும் பணம் ஆகும். எஞ்சின் சிறிதானால் தண்டவாளமும் மெலிதாகப் போதும். பாதை குறுகினால் வளைவை இறுக்கிப் போடலாம், மண்ணை வெட்டும் வேலை குறையும். ‘இலகு ரயில்’ என்பதன் பொறியியல் சாரம் அன்றும் இன்றும் இவ்வளவுதான். இந்திய அரசு 2019-இல் ‘மெட்ரோலைட்’ என்ற பெயரில் வெளியிட்ட விதிமுறைகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன: சக்கர அச்சு ஒன்றின் மீது இறங்கும் பாரம் 12 டன்னுக்குள், மூன்று பெட்டி, சுமார் 300 பயணிகள், கூடியமட்டும் தரையிலேயே ஓட்டம், வழக்கமான மெட்ரோ செலவில் ஏறத்தாழ 40 சதவீதம்.

குலசை ரயிலுக்கு முதலாளி ஒருவர், முடிவெடுப்பவரும் ஒருவர். அதனால் பாதை வந்தது. அதே காரணத்தால் போகவும் செய்தது. ஆலைக்கு லாபம் வற்றியதும் ரயிலுக்கும் வேலை இல்லாமல் போனது. 1940 வாக்கில் தண்டவாளம் ஓய்ந்துவிட்டது.

பக்கத்திலேயே வேறொரு ரயிலின் கதை வேறு மாதிரி. திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை 1923-இல் திறக்கப்பட்டது. அதன் உரிமையாளர் ரயில்வே கம்பெனி இல்லை, திருநெல்வேலி ஜில்லா போர்டு. ஓட்டிக்கொடுத்தது மட்டும் தென்னிந்திய ரயில்வே. உள்ளூர் நிர்வாகமே ரயில் போடும் இந்த வழக்கத்துக்குத் தஞ்சாவூர் ஜில்லா போர்டு முன்னோடி; நிலவரியோடு ரயிலுக்கென்று தனித் தீர்வை வசூலித்து 1894-இல் மாயவரம் - முத்துப்பேட்டை பாதையைத் திறந்தது அது. சாலை, பள்ளிக்கூடம், தடுப்பூசி ஆகியவற்றைப் பார்த்துக்கொண்ட ஓர் உள்ளாட்சி அமைப்பு ரயில் பாதைக்கும் சொந்தக்காரராக இருந்தது என்று இன்றைக்கு ஒரு மாநகராட்சிக் கவுன்சிலரிடம் சொன்னால் சிரிப்பார். தெருவிளக்குக்கே மேலிடத்தில் கையெழுத்து வாங்க அலைகிறவர் அவர்.

இன்றைய நடைமுறை வேறு. ஒரு நகரத்துக்கு மெட்ரோ வேண்டுமென்றால் மாநில அரசு விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க வேண்டும். மத்திய அரசு அதை ஏற்று, முதலீட்டில் பங்கு போட வேண்டும். வெளிநாட்டு வங்கியிலோ ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவிடமோ கடன் வாங்க வேண்டும். 2017-இன் மெட்ரோ ரயில் கொள்கை இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேட் போட்டு வைத்திருக்கிறது: மக்கள் தொகை 20 லட்சம். கோவையும் மதுரையும் அந்த கேட்டில்தான் நிறுத்தப்பட்டன. கோவைக்கு 39 கிலோமீட்டர், 10,740 கோடி ரூபாய். மதுரைக்கு 32 கிலோமீட்டர், 11,340 கோடி ரூபாய் என்று அனுப்பிய அறிக்கைகளை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பில் இரண்டு நகரங்களும் மாநகராட்சி எல்லைக்குள் 20 லட்சத்தைத் தொடவில்லை என்பது முதல் காரணம். பயணிகள் எண்ணிக்கை மதிப்பீட்டின் மீதும் சாலை அகலத்தின் மீதும் வேறு கேள்விகள் எழுப்பப்பட்டிருந்தன. ஆக்ரா, பாட்னா போன்ற நகரங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று தமிழ்நாட்டு முதல்வர் கேட்டார். நியாயமான கேள்வி. 2011-இல் அந்த இரண்டு நகரங்களும் மாநகராட்சி எல்லைக்குள் 20 லட்சத்துக்குக் கீழேதான் இருந்தன.

பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய தலைக்கணக்கை வைத்து நாளைய ரயிலைத் தீர்மானிப்பது சரியா என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால் கையில் வேறு எண்ணும் இல்லை. அடிப்படைக் கோளாறு அளவுகோலில் இருக்கிறது. ரயில் ஒரு நகரம் முழுவதையும் சுமப்பதில்லை. ஒரு சாலையைச் சுமக்கிறது. காலை எட்டரை மணிக்கு அந்தச் சாலையில் ஒரே திசையில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதுதான் ரயில் பொறியாளர் முதலில் கேட்கும் எண்.

அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டியில் எத்தனை பேர், மணிக்கு எத்தனை வண்டி, இரண்டையும் பெருக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவர்களையும் சேர்த்து 70 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 30 பஸ், 2,100 பேர். 300 பேர் ஏறும் இலகு ரயில் மூன்று நிமிடத்துக்கு ஒன்று வந்தால் மணிக்கு 20 ரயில், 6,000 பேர். இரண்டு நிமிடமாகக் குறைத்தால் 9,000. மெட்ரோலைட் விதிமுறை குறிப்பிடும் வீச்சு மணிக்கு 2,000 முதல் 15,000 வரை. அதற்கு மேல் போனால் பெரிய மெட்ரோவின் களம்.

காகிதத்தில் இரண்டு நிமிடத்தை ஒரு நிமிடமாக்குவது எளிது. தெருவில் முடியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்க இருபது, முப்பது விநாடி பிடிக்கும். ஒரு கதவில் கூட்டம் அடைத்துக்கொண்டால் நாற்பது. நாற்சந்தியில் சிக்னல். ரயிலுக்கு எப்போதும் பச்சை கொடுத்தால் குறுக்கே போகும் சாலை முழுக்க நின்றுவிடும். வண்டி எண்ணிக்கையைக் கூட்ட முடியாதபோது பெட்டிகளைக் கூட்டலாம் என்றால், நடைமேடை அதற்கேற்ற நீளத்தில் இருக்க வேண்டும். கோலாலம்பூரின் கெலானா ஜெயா தடம் 1998-இல் இரண்டு பெட்டி ரயில்களோடு தொடங்கியது. அந்நகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதித் தமிழர்களுக்கு அன்றாடப் பழக்கமான தடம் அது. கூட்டம் பிதுங்கிய பிறகு 2009 கடைசியில் நான்கு பெட்டி ரயில்கள் வந்தன. நடைமேடையில் முன்கூட்டியே இடம் விட்டிருந்ததால்தான் அது சாத்தியமானது. இலகு ரயிலில் மலிவாகக் கட்டப்பட்ட குட்டை நடைமேடைதான் பிற்காலத்தில் விலை உயர்ந்ததாகிவிடும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு ரயிலும் சாலையும் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒன்றாம் கேட், இரண்டாம் கேட், நாலாம் கேட் என்று இங்கே கேட்டுகளே ஊர்ப் பெயர்கள் ஆகிவிட்டன. முகவரி கேட்டால் “ரெண்டாம் கேட் பக்கத்துல” என்கிறார்கள். 1876-இல் பருத்தியைக் கப்பலேற்றுவதற்காகக் கடற்கரை வரை கொண்டுவரப்பட்ட பாதை அது. கடல் ஆழம் போதாததால் நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன. மதராஸிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கிப் படகில் போய்க் கப்பலேறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் வந்ததும் அந்தப் போக்குவரத்து தனுஷ்கோடிக்கு மாறியது. பாதை மட்டும் அப்படியே இருக்க, அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. கேட் இறங்கினால் மினி பஸ், ஷேர் ஆட்டோ, மீன் பெட்டி ஏற்றிய டூவீலர், பள்ளிக்கூட வேன் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். கேட் ஏறியதும் இரு பக்கமும் ஒரே நேரத்தில் நடுவுக்குப் பாயும். ஒரு நாளைக்குச் சில முறை நடப்பதே இவ்வளவு என்றால், மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் தெருவில் என்ன நடக்கும்?

அதனால்தான் இலகு ரயிலுக்குச் சாலையில் தனி இடம் கேட்கிறார்கள். அரசியல் அங்கேதான் தொடங்குகிறது. சாலையின் நடுவே இரண்டு தடத்தை ரயிலுக்குக் கொடுத்தால் கார் நிறுத்துமிடம் போகும், கடைக்கு லாரி வந்து சரக்கு இறக்க முடியாது, நடைபாதை வியாபாரி நகர வேண்டும். இழப்பவர் யார் என்பது முதல் நாளே தெரியும். பயன்பெறுபவர் ஐந்து ஆண்டு கழித்து வருவார். அவர் இன்றைக்குப் போராட்டத்துக்கும் வர மாட்டார், மனுவும் கொடுக்க மாட்டார். பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரில் 1989 மேயர் தேர்தல் ஏறக்குறைய இந்தக் கேள்வியிலேயே நடந்தது. சுரங்கத்தில் தானியங்கி ரயில் என்பது முந்தைய நிர்வாகத்தின் திட்டம். சாலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதால் கடைக்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. தெருவிலேயே டிராம் ஓட்டுவேன் என்று சொன்ன காத்தரின் டிரோட்மன் வென்றார். 1994-இல் டிராம் ஓடியது. அடுத்த ஆண்டுத் தேர்தலிலும் அவரே வென்றார். அந்த ஊரில் டிராம் போட்டதும் ஓட்டுக் கேட்டதும் ஒரே ஆள். நம் ஊரில் மேயரிடம் சாலையின் ஒரு பகுதி இருக்கிறது, நெடுஞ்சாலைத் துறையிடம் ஒரு பகுதி, பஸ் போக்குவரத்துக் கழகத்திடம், சிக்னல் காவல்துறையிடம், ரயில் டெல்லியிடம்.

இந்தக் கடற்கரையில் உள்ளாட்சித் தலைவர் ஒருவர் பெரிய காரியத்தை முடித்துக் காட்டிய முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. நகரசபைத் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். 1927-இல் அந்தத் திட்டம் நிறைவேறியது. தண்ணீருக்குப் பனை ஏறாத குறையாக அலைந்த ஊர் அவருக்குச் சிலை வைத்திருக்கிறது. இன்றைய மேயர் ஒருவர் அவரைப்போல இறங்கினாலும், ரயில் விஷயத்தில் அவர் கையில் அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை.

சாலையை விட்டுக்கொடுக்க மனமில்லாதபோது அரசாங்கங்கள் ஆளில்லாத இடமாகப் பார்த்து ரயிலைப் போடுகின்றன. சென்னையின் பறக்கும் ரயில் இதற்குப் பெரிய சாட்சி. பக்கிங்காம் கால்வாயை ஒட்டி நிலம் சுலபமாகக் கிடைத்தது. கடற்கரையிலிருந்து மயிலாப்பூருக்கு 1997-இலும் வேளச்சேரிக்கு 2007-இலும் போய்ச் சேர்ந்தது. பிரம்மாண்டமான நிலையங்கள், உள்ளே வெறிச்சோடிய தளங்கள். மக்கள் நடமாடும் சாலைகளிலிருந்து ஒதுங்கி நின்றதால் எதிர்பார்த்த கூட்டம் வரவே இல்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை இணைக்க வேண்டிய வெறும் ஐந்து கிலோமீட்டரோ, ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலம் நீதிமன்றத்தில் சிக்கியதால் பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. எளிதாகக் கிடைத்த நிலத்தில் பயணி இல்லை, பயணி இருந்த இடத்தில் நிலம் கிடைக்கவில்லை.

பணம் இருந்தும் கவிழ்ந்த திட்டம் எதிர்க்கரையில் இருக்கிறது. கொழும்பு கோட்டையிலிருந்து மாலபே வரை 15.7 கிலோமீட்டர், 16 நிலையங்கள். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் அதை ‘இலகு ரயில்’ என்றே எழுதின. 2019 மார்ச்சில் ஜைக்காவுடன் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டி 0.1 சதவீதம், திருப்பிச் செலுத்த 40 ஆண்டு, முதல் 12 ஆண்டுக்குத் தவணையே இல்லை. இதைவிட மலிவான பணம் கிடைப்பது அரிது. அந்த ஆண்டு இறுதியில் ஆட்சி மாறியது. 2020 செப்டம்பரில் ஜனாதிபதி செயலகம் ஒரு கடிதம் எழுதியது: திட்டம் செலவு மிக்கது, கொழும்புக்குப் பொருத்தமான தீர்வாகாது, நிறுத்துங்கள். பிறகு நாடே கடனில் மூழ்கியது. அடுத்து வந்த ரணில் விக்ரமசிங்க டோக்கியோவுக்குப் போய் அந்த ரத்துக்காக வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. திட்டத்தின் பொறியியலில் குறை என்று யாரும் நிரூபிக்கவில்லை. முந்தைய அரசின் திட்டம் என்ற முத்திரையே போதுமானதாக இருந்தது.

கேரளத்தில் ஆட்சி மாறினாலும் திட்டம் பெயரளவில் உயிரோடுதான் இருந்தது. வேறு விதத்தில் தேய்ந்தது. திருவனந்தபுரத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் இலகு மெட்ரோ என்று டெல்லி மெட்ரோ நிறுவனம் 2014-இல் அறிக்கை தயாரித்துக் கொடுத்தது. கோப்பு நகர்ந்தது, ஒப்பந்தம் வரவில்லை. 2018 மார்ச்சில் ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான அந்தக் குழு அலுவலகத்தைக் காலிசெய்துகொண்டு வெளியேறியது. கொங்கண் ரயில்வேயை மலையைக் குடைந்து முடித்தவருக்கு ஒரு கையெழுத்தைத் தாண்ட முடியவில்லை.

சரி, தூத்துக்குடிக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு இலகு ரயில் வேண்டுமா?

முதலில் திருவிழாவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். சூரசம்ஹாரத்தன்று திருச்செந்தூருக்கும் தசரா அன்று குலசைக்கும் லட்சக்கணக்கில் கூட்டம் வருவதைக் காட்டி ரயில் கேட்பது வழக்கம். ஐந்து லட்சம் பேரை மணிக்கு 6,000 என்று ஏற்றினால் இடைவிடாமல் மூன்றரை நாள் ஆகும். சூரன் அதற்குள் மாமரமாகி, சேவலும் மயிலுமாகி, மறுநாள் திருக்கல்யாணமும் முடிந்துவிடும். திருவிழாக் கூட்டம் சிறப்பு பஸ்களுக்கும் நீண்ட ரயில்களுக்கும் உரியது. மீதி 360 நாளைக்குப் பெட்டி காலியாக ஓடினால் அந்த நஷ்டத்தை யார் கட்டுவது?

தூத்துக்குடி நகரத்தின் மக்கள் தொகை 2011-இல் 2.38 லட்சம். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து புதிய பஸ் ஸ்டாண்ட் வழியாக மீளவிட்டான் வரை ஒரு கோடு போட்டுப் பார்த்தாலும், மெட்ரோலைட்டின் கீழ் எல்லையான 2,000 பேரைத் தொட ஒவ்வொரு இரண்டு நிமிடத்துக்கும் ஒரு பஸ் நிரம்பி வழிய வேண்டும். இன்று அந்த நிலை இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு. 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மீன் ஏலக்கூடத்துக்கும் உப்பளத்துக்கும் போகும் பெண்கள் இலவச பஸ்ஸை விட்டுவிட்டு இருபது ரூபாய் டிக்கெட் எடுத்து ரயிலேறுவார்கள் என்று எந்தத் திட்ட அறிக்கை எழுதினாலும் நம்ப முடியாது. கட்டணத்தை இறக்கினால் நஷ்டம் கூடும். கூடினால் அந்த நஷ்டத்தை மானியமாக அறிவிக்கும் தைரியம் வேண்டும். பஸ் நஷ்டத்தை நல்வாழ்வு என்று சொல்லும் அரசியல், ரயில் நஷ்டத்தை இன்னும் அப்படிச் சொல்லப் பழகவில்லை.

ஆக, நகரத்துக்குள் இலகு ரயில் என்பது இப்போதைக்கு இல்லை. ஊர்களுக்கு இடையே என்றால் பேச்சு மாறுகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, திருச்செந்தூர் மூன்றும் ஒரு முக்கோணம். கல்லூரி, மருத்துவமனை, துறைமுகம், கோயில், விமான நிலையம் என்று தினமும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஆள் போய்க்கொண்டே இருக்கிறது. புதிதாகத் தண்டவாளம் போடுமுன், இருப்பதில் ஏன் அடிக்கடி ரயில் ஓடவில்லை என்று பார்க்க வேண்டும். திருச்செந்தூர் பாதை ஒற்றைப் பாதை. இரண்டு கிராசிங் நிலையங்களுக்கு நடுவே ஓடப் பத்து நிமிடம் என்றால், எதிரே வருவதற்கு இன்னொரு பத்து, சிக்னல் மாற இரண்டு மூன்று நிமிடம். ஒரு சுற்று கிட்டத்தட்ட இருபத்தைந்து நிமிடம். மணிக்கு ஒரு திசையில் இரண்டு ரயிலுக்கு மேல் போகாது. நடுவில் ஒரு கிராசிங் நிலையம் சேர்த்தால் இது ஏறக்குறைய இரட்டிக்கும். முழுப் பாதையையும் இரட்டையாக்கும் செலவில் சிறு பகுதிதான் இதற்கு ஆகும். எட்டுப் பெட்டி மெமு ரயில் ஒன்றே இலகு ரயில் பலவற்றின் கூட்டத்தை ஏற்றிக்கொள்ளும். புதிய நிலமும் வேண்டாம், 20 லட்சம் கேட்டும் இல்லை. அடிக்கல் நாட்டுவதற்கு மட்டும் அவ்வளவாக உதவாது.

தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் அந்த நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். தாமிரபரணியின் கடைமடையில் தரையோடு தரையாக எந்தப் பாதை போட்டாலும், வடிகால் பாலங்களின் அகலத்தைப் பழைய மழைக் கணக்கில் எழுதினால் அது நிற்காது.

முக்கோணத்தின் மூன்றாவது பக்கமான தூத்துக்குடி - திருச்செந்தூர்தான் உண்மையில் விடுபட்டிருக்கிறது. கிழக்குக் கடற்கரையை ஒட்டிக் கன்னியாகுமரி வரை ரயில் என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஆய்வில் இருக்கிறது. ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வழியாகத் திருச்செந்தூருக்கு ரயில் வருகிறது, ஆனால் நெல்லையிலிருந்து. தூத்துக்குடிப் பக்கம் அது திரும்புவதே இல்லை. அந்தப் பக்கத்துக்கு இன்றே செய்யக்கூடியது, சாலையை ஒட்டிப் பாதைக்கான நிலத்தை அளந்து ஒதுக்கி வைப்பது. ராக்கெட் தளத்தைச் சுற்றி மனைகள் விலையேறிக்கொண்டிருக்கின்றன. இன்று ஒதுக்காவிட்டால் பத்து ஆண்டு கழித்து ஆதம்பாக்கம் கதை இங்கேயும் நடக்கும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலை வழியாக 40 கிலோமீட்டர். ரயிலில் போக வேண்டுமென்றால் மணியாச்சிக்கு ஏறி, திருநெல்வேலிக்கு இறங்கி, மறுபடியும் கடலுக்கே திரும்ப வேண்டும்: ஏறத்தாழ 120 கிலோமீட்டர்.